நிரப்பிய படமும் படித்த படமும்

திருநெல்வேலியிலிருந்து மணியாச்சிக்குச் செல்லும் இரயில் பாதையில், தாழையூத்தை அடுத்து எங்கள் கங்கைகொண்டான் நிலையம் இருக்கிறது. பாதை ஒன்றாக இருந்த காலத்தில் நீங்கள் அவ்வழியே பயணம் செய்திருந்தால், வண்டி காரணம் தெரியாமல் இங்கே நின்றதையும், எதிர்வண்டி கடந்து போனதும் புறப்பட்டதையும் கண்டிருப்பீர்கள். எந்த வண்டி எங்கே நிற்க வேண்டும் என்று தீர்மானிப்பவர் அந்த வண்டியை நேரில் பார்ப்பதில்லை. அவர் பார்ப்பது ஒரு படத்தை. கிடை அச்சில் நேரம். குத்து அச்சில் நிலையங்கள். ஒவ்வொரு வண்டியும் அதில் ஒரு சாய்ந்த கோடு. முன்பு இதைக் காகிதத்தில் வரைந்தார்கள். இப்போது கணிப்பொறித் திரையில் காண்கிறார்கள்.

அந்தக் கோடு செங்குத்தாக எழுந்தால் வண்டி விரைகிறது என்று பொருள். சாய்வு குறைந்தால் வேகம் குறைகிறது. கோடு படுத்துவிட்டால் வண்டி நின்றுவிட்டது. இரு கோடுகள் எங்கே சந்திக்கப் போகின்றன என்பதை, அவை சந்திப்பதற்கு முன்பே ஸ்கேலை வைத்துச் சொல்லிவிடலாம். நடந்ததைக் காட்டுவது மட்டும் படத்தின் பயனன்று. நடக்கப் போவதையும் அது காட்டுகிறது.

ஏறத்தாழ இதே இலக்கணத்தில் அமைந்த இன்னொரு படம் பிரசவ அறையில் இருக்கிறது. பார்ட்டோகிராப் என்று ஆஸ்பத்திரிகளில் வழங்கும் பிரசவ வரைபடம் அது. 2019-21ஆம் ஆண்டுகளில் நடந்த தேசியக் குடும்பநல ஆய்வின்படி தமிழ்நாட்டில் 99.6 சதவிகிதப் பிரசவங்கள் மருத்துவ நிலையங்களில் நிகழ்ந்தன. ஆகவே, இந்தப் படத்தை எழுதுகிற நர்ஸ் அதை எப்படிப் படிக்கிறார் என்பது நம் ஒவ்வொரு குடும்பத்துக்கும் உரிய செய்தி.

படங்களின் துணைகொண்டு செவிலிய மாணவியரின் சிந்திக்கும் திறனை வளர்க்க வேண்டும் என்று இப்போது பலரும் பேசுகிறார்கள், எழுதுகிறார்கள். நல்ல பேச்சுதான். ஆனால் அந்தப் பேச்சில் ஒரு பெரிய ஓட்டை இருப்பதாக எனக்குத் தோன்றுகிறது. நான் இயற்பியல் கற்பிப்பவன். மருத்துவம் அறிந்தவன் அல்லன். ஆயினும் வரைபடம் என் தொழிற்கருவி. அந்த உரிமையில் இதை எழுதுகிறேன்.

அச்சடித்தே வரும் கோடு

என் அக்காள் மகள் நர்சிங் பட்டப்படிப்பில் மூன்றாம் ஆண்டு படிக்கிறாள். விடுமுறைக்கு ஊர் வந்தவள், திண்ணையில் உட்கார்ந்து நோட்டில் பிரசவ வரைபடம் ஒன்றை எழுதிக்கொண்டிருந்தாள். கருப்பு மையில் புள்ளிகள், சிவப்பில் தலைப்புகள், ஸ்கேல் வைத்துச் சேர்த்த கோடுகள். என் வகுப்பில் யாரும் அத்தனை சுத்தமாக வரைவதில்லை. அந்தப் படத்தில் புள்ளிகளைத் தவிர இரண்டு இணைகோடுகளும் சாய்வாகச் சென்றன.

"இந்த ரெண்டு கோடும் ஏன் தாயி சாஞ்சு போகுது?" என்று கேட்டேன்.

"அது அச்சடிச்சே வரும் மாமா. நாம புள்ளி மட்டும் வச்சாப் போதும்."

"அந்தச் சாய்வு எவ்வளவு?"

"சாய்வா? அதெல்லாம் கேக்க மாட்டாங்க. அட்டவணையில இருக்கறத அப்படியே ஏத்தணும். தப்பில்லாம ஏத்தினா முழு மார்க்கு."

வாசகர்களே, இதைக் கேட்டு நான் சிரிக்கவில்லை. பன்னிரண்டாம் வகுப்பில் இயற்பியல் படித்துத் தேறிய பெண் அவள். திசைவேக–நேர வரைபடத்தின் சாய்வு முடுக்கம் என்று நூறு முறை எழுதியிருப்பாள். ஆனால் கண்ணெதிரே ஒரு சாய்வு கிடக்கும்போது அது எதையாவது சொல்கிறதா என்று கேட்க அவளுக்குத் தோன்றவில்லை. இதில் அவள் குற்றம் சிறிது. எங்களைப் போன்ற ஆசிரியர்களின் குற்றம் பெரிது.

படம் பிறந்த கதை

செவிலியருக்கும் வரைபடத்துக்கும் உள்ள உறவு புதிதன்று. கிரிமியப் போரிலிருந்து திரும்பிய பிளாரன்ஸ் நைட்டிங்கேல், படைவீரர்களின் மரணக் காரணங்களை 1858இல் வட்டவடிவப் படமாக வெளியிட்டார். மாதத்துக்கு ஒரு துண்டு. துண்டின் பரப்பு சாவுகளின் எண்ணிக்கை. காயத்தால் மாண்டவர்களைவிட, தடுத்திருக்கக்கூடிய நோய்களால் மாண்டவர்களே மிகப் பலர் என்பதை அந்தப் படம் ஒரே பார்வையில் உணர்த்தியது. பரப்பு ஆரத்தின் இருமடிக்கு நேர்விகிதத்தில் இருப்பதால், நான்கு மடங்கு சாவுக்கு ஆரம் இரு மடங்குதான் நீளும். இதை அறியாமல் நீளத்தை மட்டும் பார்ப்பவர் ஏமாறுவார். நைட்டிங்கேல் அந்தப் படத்தை யாரிடமும் மதிப்பெண் வாங்க வரையவில்லை. அரசாங்கத்தின் மனத்தை மாற்ற வரைந்தார்.

பிரசவ வரைபடமும் ஒரு கேள்வியிலிருந்தே பிறந்தது. வலி கண்ட தாயின் கருப்பை வாய் படிப்படியாக விரிந்து 10 செ.மீ. ஆகும்போது குழந்தை வெளிவர வழி பிறக்கிறது. இந்த விரிவு எந்த வேகத்தில் நடக்கிறது? நியூயார்க்கில் பணியாற்றிய இமானுவேல் பிரீட்மேன் என்ற மருத்துவர் 1954இல் விரிவை நேரத்துக்கு எதிராக வரைந்து காட்டினார். முதலில் மெதுவாகவும் பின்னர் விரைவாகவும் எழும் வளைகோடு கிடைத்தது. "இன்னும் ஆகவில்லை" என்ற வாய்ச்சொல்லின் இடத்தில் அளந்து சொல்லக்கூடிய ஒரு வேகம் வந்து அமர்ந்தது.

1972இல் ஆப்பிரிக்காவின் அன்றைய ரொடீசியாவில் (இன்றைய ஜிம்பாப்வே) பில்பாட், காசில் என்ற இருவர் அதனை ஒரு பணிக்கருவியாக மாற்றினர். அங்கே தொலைவான மருத்துவ நிலையங்களில் பிரசவம் பார்த்தவர்கள் பயிற்சி பெற்ற மருத்துவச்சிகள். சிக்கல் என்றால் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்ப வேண்டும். எப்போது அனுப்புவது என்பதுதான் கேள்வி. முதற்பிரசவத் தாய்மாரில் மெதுவாக முன்னேறும் பத்தில் ஒரு பங்கினரைப் பிரித்தறிய, மணிக்கு 1 செ.மீ. என்ற சாய்வில் ஒரு கோடு போட்டார்கள். அது எச்சரிக்கைக் கோடு. அதற்கு வலப்புறம் நான்கு மணி நேரம் தள்ளி இணையாக இன்னொரு கோடு. அது நடவடிக்கைக் கோடு.

ஏன் நான்கு மணி நேரம்? முதற்கோட்டைத் தாண்டிய தாயை வண்டி பிடித்துப் பெரிய ஆஸ்பத்திரியில் சேர்ப்பதற்கும், அங்குள்ளவர்கள் நிலைமையை ஆராய்வதற்கும் வேண்டிய அவகாசம் அது. ஆம், அந்த இடைவெளிக்குள் ஒரு பாதையும் ஒரு வாகனமும் ஒளிந்திருக்கின்றன. என் மருமகள் "அச்சடிச்சே வரும்" என்று சொன்ன கோடுகளின் பொருள் இதுதான்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம்

நான் ஒரு கற்பனைத் தாயை எடுத்துக்கொண்டு மருமகளிடம் கணக்குக் கொடுத்தேன். நீங்களும் ஒரு வரைபடத்தாளை எடுத்துக்கொள்ளுங்கள்.

காலை 8 மணிக்கு விரிவு 4 செ.மீ. நண்பகல் 12 மணிக்கு 6 செ.மீ. எச்சரிக்கைக் கோடு 8 மணிக்கு 4 செ.மீ.யில் தொடங்கி, மணிக்கு 1 செ.மீ. வீதம் ஏறுகிறது, 12 மணிக்கு அது 8 செ.மீ.யில் நிற்கும். நம் தாயின் புள்ளியோ 6இல் இருக்கிறது. ஆகவே அவள் எச்சரிக்கைக் கோட்டுக்கு வலப்புறம் வந்துவிட்டாள். இதுவரை மருமகள் சரியாகச் சொன்னாள். பாடப்புத்தகம் கேட்பதும் இவ்வளவே.

இனிமேல்தான் படம் பேசத் தொடங்குகிறது. நான்கு மணி நேரத்தில் 2 செ.மீ.; எனவே சாய்வு மணிக்கு அரை செ.மீ. இதே வேகம் நீடித்தால் என்ன ஆகும்? ஸ்கேலை வைத்துக் கோட்டை நீட்டுங்கள். பிற்பகல் 4 மணிக்கு அது 8 செ.மீ.யைத் தொடும். நடவடிக்கைக் கோடும் அதே 4 மணிக்கு அதே 8 செ.மீ.யில்தான் இருக்கிறது. இரண்டு இரயில்கள் ஒரே நிலையத்தில் சந்திப்பது போல இரு கோடுகளும் அங்கே வெட்டிக்கொள்கின்றன. அதாவது, ஒன்றும் மாறாவிட்டால் கையில் இருப்பது நான்கே மணி நேரம் என்று நண்பகலிலேயே தெரிந்துவிடுகிறது.

"இந்த அம்மா கங்கைகொண்டான்ல இருந்தா என்ன செய்வே? மேலே காரையாறுப் பக்கம் காணிக் குடியிருப்புல இருந்தா என்ன செய்வே?" என்று கேட்டேன்.

அவள் சற்று நேரம் பேசவில்லை. பிறகு, "இங்க இருந்தா பாளையங்கோட்டைப் பெரியாஸ்பத்திரி கிட்டத்துல இருக்கு. அங்க மலை இறங்கணும். அப்போ 12 மணி வரைக்கும் காத்திருந்ததே தப்பா இருக்கலாம்" என்றாள்.

1965இல் தொடங்கிய திருநெல்வேலி மருத்துவக் கல்லூரியின் ஆஸ்பத்திரி எங்கள் ஊரிலிருந்து ஏறத்தாழ 20 கிலோமீட்டர், நெடுஞ்சாலைப் பயணம். மலைக் குடியிருப்புக்கு அப்படியல்ல. ஒரே படத்துக்கு இரண்டு ஊரில் இரண்டு முடிவு. இதைத்தான் பகுத்தறிந்து சிந்திப்பது என்கிறோம். இந்தச் சிந்தனை பிறந்தது படத்தைப் பார்த்ததால் அன்று; படத்திடம் கேள்வி கேட்டதால்.

படிவமாகிப் போன படம்

இப்போது என் குறையைச் சொல்கிறேன். பிரசவ வரைபடம் பயிற்சி வகுப்பில் படமாக இல்லை, படிவமாக இருக்கிறது. விண்ணப்பத் தாளில் பெயர், முகவரி நிரப்புவது போல அதில் புள்ளிகளை நிரப்புகிறார்கள். அட்டவணை முழுவதும் முன்கூட்டியே தரப்பட்டு, குழந்தை பிறந்த நேரமும் அதில் எழுதப்பட்டிருக்கிறது. முடிவு தெரிந்த கதையில் மாணவி எதை ஊகிப்பாள்?

வகுப்பறைப் பழக்கம் பணியிடத்துக்கும் தொடர்கிறது. குழந்தை பிறந்த பின்பு உட்கார்ந்து வரைபடத்தைப் பூர்த்தி செய்யும் வழக்கம் பல நாடுகளில் இருப்பதை ஆய்வாளர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். இதற்காக நர்ஸைக் குறை கூற நான் துணிய மாட்டேன். ஒருவரே பல தாய்மாரைக் கவனிக்கும் இரவுப் பணியில், அரை மணிக்கொரு முறை குழந்தையின் இதயத் துடிப்பைக் குறிப்பது எளிதன்று. ஆனால் அந்தத் தாள் தனக்கு உதவுகிற கருவி என்று அவர் ஒரு முறையாவது உணர்ந்திருந்தால், முதலில் எதைக் குறிப்பது என்பதை அவரே அறிவார். மேலதிகாரிக்குக் காட்டும் தாள் என்று கற்றிருந்தால், அது கடைசி வேலையாகத்தான் இருக்கும்.

பயன் பற்றிய சான்றுகளும் இதையே நினைக்கத் தூண்டுகின்றன. உலக சுகாதார நிறுவனம் இந்தோனேசியா, மலேசியா, தாய்லாந்து நாடுகளில் 35,484 தாய்மாரிடம் நடத்திய ஆய்வு 1994இல் வெளியாயிற்று. வரைபடத்தையும், அதனோடு சேர்ந்த தெளிவான நடைமுறையையும் புகுத்திய பின்பு, 18 மணி நேரத்துக்கு மேல் நீண்ட பிரசவங்கள் 6.4 சதவிகிதத்திலிருந்து 3.4 ஆகக் குறைந்தன. ஆனால் 2018இல் பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்த கோக்ரேன் குழுவினர், வரைபடத்தால் மட்டுமே உறுதியான நன்மை விளைகிறது என்று கூற இயலவில்லை என்றனர். இரண்டும் முரணா? நான் அப்படி நினைக்கவில்லை. முதல் ஆய்வில் தாளோடு பயிற்சியும், அடுத்து என்ன செய்வது என்ற ஒழுங்கும் சேர்ந்து வந்தன. வெறுந்தாள் எவரையும் காப்பாற்றாது. வெப்பமானி காய்ச்சலைக் குணப்படுத்தாதது போலத்தான் இது.

கோடு மாறியபோது

இந்த விமர்சனத்தின் உயிரான இடத்துக்கு வருகிறோம். "அச்சடிச்சே வரும்" என்று சொன்ன அந்தக் கோடு நிலையானதா?

இல்லை. அமெரிக்காவில் 62,415 தாய்மாரின் குறிப்புகளை ஆராய்ந்து ஜாங் என்பவரும் குழுவினரும் 2010இல் ஒரு முடிவை வெளியிட்டனர். 6 செ.மீ. வரை விரிவு மிக மெதுவாக நடந்தும், பின்னர் நலமாகப் பிரசவித்த தாய்மார் பலர் என்பது அதன் சாரம். 2018இல் உலக சுகாதார நிறுவனமே, மணிக்கு 1 செ.மீ. என்ற அளவு எல்லாத் தாய்மாருக்கும் பொருந்தாது என்றும், தீவிர நிலை 5 செ.மீ.யில் தொடங்குவதாகக் கொள்ள வேண்டும் என்றும் அறிவித்தது. 2020இல் வெளியிட்ட புதிய பிரசவக் கவனிப்புத் தாளில் அந்தச் சாய்ந்த கோடுகளே இல்லை. ஒவ்வொரு செ.மீ.க்கும் தனித்தனிக் கால எல்லை உண்டு. முன்னேற்றமின்றி 5 செ.மீ.யில் 6 மணி நேரம், 6இல் 5 மணி, 7இல் 3 மணி, 8இல் இரண்டரை மணி, 9இல் 2 மணி நேரம் நின்றால் எச்சரிக்கை.

நம் கற்பனைத் தாயிடம் திரும்பிச் செல்வோம். பழைய படத்தின்படி நண்பகலில் எச்சரிக்கை மணி அடித்துவிட்டது. புதிய தாளின்படி, 12 மணிக்கு 6 செ.மீ.யில் இருப்பவளுக்கு, தாயும் சேயும் நலமாயிருக்கும் வரை விரிவைப் பொறுத்த மட்டில் இன்னும் எச்சரிக்கை இல்லை. அதே உடல், அதே எண்கள், இரண்டு தீர்ப்பு. பணியிடத்தில் எந்த முறை நடப்பில் உள்ளதோ அதைத்தான் பின்பற்ற வேண்டும் என்பதில் ஐயமில்லை. இக்கட்டுரையை யாரும் வைத்தியக் குறிப்பாகக் கொள்ளலாகாது. நான் காட்ட விரும்புவது வேறு.

பழைய தாளில் புள்ளி வைக்க மட்டுமே கற்ற மாணவிக்குப் புதிய தாள் இன்னொரு மனப்பாடச் சுமை. சாய்வு என்பது வேகம் என்று புரிந்துகொண்ட மாணவிக்கோ, புதிய தாள் பழைய கேள்விக்கு வந்த திருத்திய விடை. ஒரே நேர்க்கோட்டின் இடத்தில், முதலில் படுத்தும் பின்னர் நிமிர்ந்தும் செல்லும் வளைகோட்டை அவள் மனத்தில் வரைந்துகொள்வாள். படிவம் மாறினால் நிரப்பியவள் தடுமாறுவாள். படித்தவள் தடுமாற மாட்டாள்.

கட்டங்களும் அம்புகளும்

படம் மூலம் கற்பித்தல் என்றவுடன் இப்போது அதிகம் பேசப்படுவது கருத்து வரைபடம். கட்டங்களுக்குள் கருத்துகளை எழுதி அம்புகளால் இணைக்கும் முறை. அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தில் ஜோசப் நோவாக் என்ற கல்வியாளரும் அவருடைய மாணவர்களும் 1972இல் இதனை உருவாக்கினர். குழந்தைகளின் அறிவியல் கருத்துகள் ஆண்டுக்கு ஆண்டு எப்படி மாறுகின்றன என்பதை அறியவே அவர்களுக்கு இது தேவைப்பட்டது. கவனியுங்கள்: கற்பவர் மனத்தில் இருப்பதை வெளியே கொண்டுவரும் கருவியாக அது பிறந்தது. ஆசிரியர் மனத்தில் இருப்பதை உள்ளே செலுத்தும் கருவியாக அன்று.

நம் வகுப்பில் நடப்பது தலைகீழ். ஆசிரியர் கரும்பலகையில் அழகிய கருத்து வரைபடம் வரைகிறார். அல்லது திரையில் ஒளிரச் செய்கிறார். மாணவியர் நோட்டில் நகல் எடுக்கிறார்கள். இது கட்டம் கட்டிய பழைய நோட்ஸ்; வேறில்லை. நானும் 'வெப்பம்', 'வெப்பநிலை' என்று இரு கட்டங்கள் போட்டு நடுவே அம்பு வரைந்து பல ஆண்டு பாடம் நடத்தியவன்தான். ஒரு நாள் அம்பின் மேல் ஒரு சொல் எழுதுங்கள் என்றேன். பாதி வகுப்பு விழித்தது. கட்டங்கள் அவர்களிடம் இருந்தன, உறவு இல்லை.

செவிலியப் பாடத்தில் இதன் விளைவு இன்னும் கடுமையானது. பிரசவத்துக்குப் பின் இரத்தம் மிகுதியாகப் போகும் நிலையை எடுத்துக்கொள்ளுங்கள். 'இரத்த இழப்பு', 'நாடி', 'இரத்த அழுத்தம்', 'சிறுநீர்' என்று நான்கு கட்டங்கள். எல்லாவற்றுக்கும் 'ஏற்படுத்துகிறது' என்று அம்பு போட்டால் படம் முடிந்துவிடும், மதிப்பெண்ணும் கிடைக்கும். ஆனால் அம்பின் மேல் உண்மையான சொல்லை எழுதச் சொல்லுங்கள். இரத்தம் குறைவதை 'ஈடுகட்டுவதற்காக' நாடி விரைகிறது; நாளங்கள் சுருங்குகின்றன; அந்த ஈடுகட்டல் 'தாங்கும் வரை' அழுத்தம் இறங்குவதில்லை. இந்த இரு சொற்களை எழுதியவள், அழுத்தம் சரியாக இருக்கிறதே என்று ஆறுதல் கொள்ள மாட்டாள். நாடி ஏன் ஓடுகிறது என்று கேட்பாள். எழுதாதவள் அழுத்தம் இறங்கும் வரை காத்திருப்பாள். ஓர் அம்பின் மேல் எழுதும் சொல்லில் ஒரு தாயின் உயிர் தொங்குகிறது என்பது மிகையாகாது.

இங்கே மொழியைப் பற்றியும் சொல்ல வேண்டும். நர்சிங் படிப்பு நம் நாட்டில் ஆங்கிலத்தில் நடக்கிறது. சேருகிறவர்களில் எத்தனையோ பேர் தமிழ்வழியில் பயின்ற கிராமத்துப் பெண்கள். படம் வந்தால் மொழிச் சிக்கல் தீர்ந்துவிடும் என்று சிலர் நம்புகிறார்கள். கட்டத்துக்குள் இருக்கும் கலைச்சொல் ஆங்கிலத்தில் இருக்கட்டும். அது ஒரு பெயர்தான், மனனம் செய்துவிடலாம். அம்பின் மேல் இருப்பதோ 'ஆனால்', 'ஆகையால்', 'இருந்தபோதிலும்', 'வரையில்' என்னும் சிந்தனையின் மூட்டுகள். அவை முதலில் தாய்மொழியில்தான் அசையும். அம்புச் சொற்களைத் தமிழில் எழுத அனுமதித்து, பின்னர் ஆங்கிலத்துக்கு மாற்றச் சொன்னால் என்ன குறைந்துவிடும்?

கண்ணால் கற்போர் என்று ஓர் இனமா?

படவழிக் கல்விக்கு ஆதரவாகக் கூறப்படும் ஒரு வாதத்தை மட்டும் மறுக்க வேண்டியிருக்கிறது. 'சிலர் கண்ணால் கற்பவர், சிலர் காதால் கற்பவர். அவரவர் வகையறிந்து கற்பிக்க வேண்டும்' என்பது அந்த வாதம். ஆசிரியர் பயிற்சிக் கூட்டங்களில் இதை நானும் கேட்டிருக்கிறேன். 2008இல் பாஷ்லர் முதலிய நான்கு உளவியலறிஞர்கள் இது பற்றிய ஆய்வுகளைத் திரட்டிப் பரிசீலித்தனர். வகைக்கேற்பக் கற்பித்தால் அதிகம் கற்பார்கள் என்பதற்குப் போதிய சான்று இல்லை என்று அவர்கள் தெரிவித்தனர்.

எனவே படம் வேண்டுவது 'கண்ணால் கற்கும்' மாணவிக்காக அல்ல. வேகம், இடைவெளி, சந்திப்பு போன்றவை படத்தில் எளிதில் புலப்படும் என்பதற்காக. பொருளின் தன்மை படத்தைக் கேட்கிறது. மருந்தின் பெயரை நினைவில் வைக்கப் படம் தேவையில்லை. தாயின் நிலை எத்திசையில் போகிறது என்றறியப் படம் தேவை.

செய்யத்தக்கவை

குறை கூறிவிட்டு எழுந்து போவது ஆசிரியனுக்கு அழகன்று. செலவில்லாமல் செய்யக்கூடிய சிலவற்றைக் கூறுகிறேன்.

முதலாவது, படத்தைப் பாதியில் நிறுத்திக் கொடுங்கள். நண்பகல் வரை புள்ளிகள், அப்பால் வெற்றிடம். அடுத்த புள்ளி எங்கே விழும், ஏன், அதற்குள் என்ன செய்வாய் என்று கேளுங்கள்.

இரண்டாவது, பிழையுள்ள படத்தைக் கொடுங்கள். 6 செ.மீ.க்குப் பின் 5 செ.மீ. என்று குறித்த படம். இரண்டு மணி நேரம் விடுபட்ட நேர அச்சு. பிழை கண்டுபிடிக்கிறவள் படத்தைப் படிக்கிறாள் என்று உறுதியாகச் சொல்லலாம். விரிவு பொதுவாகக் குறையாது, அளந்த கைகள் மாறியிருக்கக்கூடும் என்று அவள் சொன்னால் தட்டிக்கொடுங்கள்.

மூன்றாவது, ஒரே எண்களை இரண்டு விதிகளால் தீர்ப்புச் சொல்லச் செய்யுங்கள், நாம் மேலே செய்தது போல. விதி என்பது ஆராய்ச்சியால் வந்தது, ஆராய்ச்சியால் மாறுவது என்று அப்போது விளங்கும்.

நான்காவது, கருத்து வரைபடத்தில் கட்டங்களுக்கு மதிப்பெண் வேண்டாம்; அம்புச் சொற்களுக்கு மட்டும் கொடுங்கள். வரைந்தவள் எழுந்து நின்று தன் ஒவ்வோர் அம்பையும் தோழியர் முன் காத்துப் பேசட்டும்.

இவை எல்லாவற்றுக்கும் மேலாகத் தேர்வுத்தாள் மாற வேண்டும். தேர்வு எதைக் கேட்கிறதோ அதைத்தான் வகுப்பு கற்பிக்கும். புள்ளியை ஏற்றுவதற்கு ஐந்து மதிப்பெண் என்றால், அதன் பொருளைச் சொல்வதற்குப் பத்து இருக்கட்டும். இயற்பியல் தேர்வுக்கும் இதே வேண்டுகோளை வைக்கிறேன். என் வீட்டை விட்டுவிட்டு அயல் வீட்டைப் பெருக்கப் புறப்பட்டவன் அல்லன் நான்.

இத்தனைக்கும் நேரம் பிடிக்கும் என்பது உண்மையே. ஒரு மணி நேரத்தில் பத்துப் படிவங்களை நிரப்ப வைக்கலாம். ஒரு படத்தைத்தான் படிக்க வைக்க முடியும். பாடத்திட்டத்தின் பளு அறிந்த ஆசிரியைகள் என்மீது சினங்கொள்ளக் கூடும். ஆனால் நிரப்பிய பத்து, படித்த ஒன்றுக்கு ஈடாகுமா என்று அவர்களே சொல்லட்டும்.

விடுமுறை முடிந்து மருமகள் ஊருக்குப் புறப்பட்ட அன்று அவளை ஸ்டேஷனில் விடப் போயிருந்தேன். வண்டி வர நேரமாயிற்று. கைப்பையிலிருந்து அந்த நோட்டை எடுத்து, பழைய படத்தின் ஓரத்தில் பென்சிலால் ஏதோ எழுதினாள். எட்டிப் பார்த்தேன். சிவப்புத் தலைப்புகளுக்கும் முழு மதிப்பெண்ணுக்கும் கீழே, 'இந்தக் கோட்டுக்கும் அந்தக் கோட்டுக்கும் நடுவுல ஒரு ரோடு இருக்கு' என்று எழுதியிருந்தாள்.

அன்பார்ந்த வாசகர்களே, உங்கள் வீட்டிலோ தெருவிலோ நர்சிங் படிக்கும் பெண் இருந்தால், அவளுடைய நோட்டை ஒரு நாள் வாங்கிப் பாருங்கள். படம் அழகாக இருக்கிறது என்று பாராட்டுவதோடு நிறுத்தாதீர்கள். "இந்தக் கோடு ஏனம்மா சாய்ந்திருக்கிறது?" என்று கேளுங்கள்.